கடைமடைக்காரன் கணக்கு

ஒரு தவறு எவ்வளவு சிறியதானால் அது தவறு என்னும் பெயரை இழந்துவிடும்? அறநூல்கள் பெருங்குற்றங்களைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. கொலை, களவு, பொய்ச்சாட்சி, அடைக்கலப் பொருளை அபகரித்தல் ஆகிய யாவற்றிலும் செய்தவன் ஒருவன் இருக்கிறான். இழந்தவன் ஒருவன் இருக்கிறான். இருவருக்கும் பெயர் உண்டு. வேறொரு வகைத் தீமையும் உலகில் உண்டு. அதில் பல்லாயிரவர் பங்கு கொள்கின்றனர். எவர் பங்கும் சுட்டிக்காட்டும் அளவுக்குப் பெரிதாயில்லை. பாதிக்கப்பட்டவர் யார் என்பதும் செய்தவருக்குத் தெரியாது. விளைவு மட்டும் மறுக்க முடியாததாய் எதிரே நிற்கிறது. அத்தகைய தீமைக்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்வியை நாம் ஏட்டுச் சர்ச்சைக்காக எழுப்பவில்லை. நெல்லைச் சீமையின் தாமிரபரணி ஆறு தன் நீரைப் பருகி வாழும் எல்லோரையும் பார்த்து எழுப்பும் கேள்வி இது.

பொதிகை மலையில் பிறக்கும் இவ்வாறு பழந்தமிழில் பொருநை எனப் பெயர் பெற்றது. பாணதீர்த்தத்தில் அருவியாய் விழுந்து, காரையாற்று அணையில் தங்கி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, மொத்தம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சேர்வலாறும் மணிமுத்தாறும் கடனாநதியும் பச்சையாறும் சிற்றாறும் வழியில் வந்து சேருகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இதன் மலைப்பகுதிக்கு நீர் தருகின்றன. ஆகையால் தமிழகத்து ஆறுகள் பலவும் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும் கோடையிலும் இதில் நீரோட்டம் இருக்கிறது. நீர்மருது மரங்கள் நிழல் பரப்பும் கரைகளும், கல்மண்டபங்களும், படித்துறைகளும், கார், பிசானம் என்னும் இரு போகத்துப் பசுமையும், பின்னணியில் நீலம் பூத்த மலைத்தொடரும் கண்டோர் நெஞ்சைவிட்டு அகலாதவை. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் இதன் கரையில் புதைந்திருந்தவை. சிவகளையில் தாழியொன்றிலிருந்து எடுக்கப்பட்ட நெல்லின் காலம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அத்தனை நெடுங்காலமாக மக்கள் இந்நீரை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆற்றுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. இது தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே பிறந்து, எல்லைக்குள்ளேயே வளர்ந்து, எல்லைக்குள்ளேயே கடலைச் சேர்கிறது. காவிரியிலும் பாலாற்றிலும் நீர் குறைந்தால் அண்டை மாநிலத்தை நோக்கி விரல் நீட்டுகிறோம். அவ்வழக்குகளில் நியாயமும் இருக்கலாம். தாமிரபரணியின் சீர்கேட்டுக்கு அவ்வாறு விரல் நீட்ட வெளியில் ஒருவரும் இல்லை. மேலே இருப்பவரும் நம்மவர். கீழே இருப்பவரும் நம்மவர். ஆகவே அறக்கேள்வியை நேருக்கு நேர் சந்திப்பதற்கு இதைவிட ஏற்ற ஆறு வேறில்லை.

தலைமடையும் கடைமடையும்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழமையானவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் 1873இல் கட்டி முடிக்கப்பட்டது. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்தை விளைவிக்கின்றன. கால்வாய் குளத்தை நிரப்பும். குளம் வயலுக்குப் பாயும். வயலின் வடிநீர் மீண்டும் ஆற்றுக்கோ அடுத்த குளத்துக்கோ செல்லும். ஒருவர் பயன்படுத்தி மீந்த நீரே அடுத்தவருக்கு வந்துசேரும் நீர் என்னும் அடிப்படையில் இவ்வேற்பாடு முழுவதும் அமைந்திருக்கிறது.

பாசனம் அறிந்தோர் இதனைத் தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்களால் குறிப்பர். கால்வாயின் தொடக்கத்தில் நிலம் உடையவன் தலைமடைக்காரன். அவனுக்கு நீர் முதலில் வரும், தெளிவாகவும் வரும். கால்வாயின் கோடியில் நிலம் உடையவன் கடைமடைக்காரன். எல்லோரும் எடுத்தது போக மீதியும், எல்லோரும் விட்ட அழுக்கின் தொகையும் அவனுக்கு வரும். தலைமடைக்காரன் கடைமடைக்காரனின் முகத்தைப் பார்ப்பதே அரிது. அவன் செய்வதன் பலனைக் கண்ணால் காண்பதும் அரிது. இடையில் பத்து ஊர்களும் நூறு மதகுகளும் உள்ளன.

இந்த இரு சொற்களும் வயலோடு நின்றுவிடுவன அல்ல. பாபநாசத்தில் நிற்பவர் அம்பாசமுத்திரத்தாருக்குத் தலைமடை. அம்பாசமுத்திரத்தார் சேரன்மகாதேவிக்குத் தலைமடை. சேரன்மகாதேவி நெல்லை மாநகருக்கும், நெல்லை முறப்பநாட்டுக்கும், முறப்பநாடு ஸ்ரீவைகுண்டத்துக்கும், ஸ்ரீவைகுண்டம் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் தலைமடையாகின்றன. ஆற்றங்கரையில் வாழும் ஒவ்வொருவரும் மேலே இருப்பவர்மீது வழக்கு உடையவர். கீழே இருப்பவருக்குக் கடன்பட்டவர். முதல் பாதியை நாம் மறப்பதில்லை. இரண்டாம் பாதியையே மறந்துவிடுகிறோம்.

நம் வாசலில் தொடங்குவோம்

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் வாசலைப் பார்ப்பதே முறை. நெல்லையின் மேலப்பாளையம் நம் சமுதாயத்தார் பெருந்தொகையினராய் வாழும் ஊர். ஒரு காலத்தில் தறியொலியால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது பாளையங்கால்வாய். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் அக்கால்வாய் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் கொண்டுசெல்ல வெட்டப்பட்டது. இன்று அது ஊர்களினூடே செல்லும்போது வீட்டுக் கழிவுநீரையும், பிளாஸ்டிக் பைகளையும், இறைச்சிக் கழிவுகளையும் சுமந்து செல்கிறது. இதில் மேலப்பாளையத்துக்கு மட்டும் பங்கு என்பதில்லை. கால்வாயின் இருமருங்கிலும் உள்ள எல்லாக் குடியிருப்புகளுக்கும் பங்குண்டு. ஆயினும் நம் பங்கை நாம் முதலில் ஒப்புக்கொள்வது நல்லது.

அண்மையில் உள்ள எட்டயபுரத்து அவைக்களப் புலவராய் விளங்கிய உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது, மழை பொழிந்து வெள்ளம் பெருகி நெல் விளையும் தமிழ்நிலமாகவே அதைக் காட்டினார். பாலைவனத்தை அறியாததால் அவர் அவ்வாறு பாடினார் என்று கொள்வது பிழை. அருள்பெற்ற நாடு என்றால் அங்கே ஆறு ஓட வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் ஊறியிருந்தது. அந்தப் புராணத்தைப் பொருள் சொல்லிக் கேட்டு வளர்ந்த வீடுகளின் சாக்கடை இன்று ஆற்றின் கால்வாயில் திறந்திருக்கிறது என்றால், நாம் சொல்லைக் காத்துப் பொருளை விட்டுவிட்டோம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

கால்வாயின் நிலை இதுவாயின் ஆற்றின் நிலை என்ன? நெல்லை மாநகரின் கழிவுநீர் பல இடங்களில் நேராகவே ஆற்றில் கலந்துவருகிறது. பாதாளச் சாக்கடைத் திட்டம் பகுதி பகுதியாக நடந்துகொண்டிருக்க, வீடுகளின் எண்ணிக்கை அதனை முந்திக்கொண்டு பெருகுகிறது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் தாமே நெல்லைக்கு வந்து ஆற்றங்கரையைப் பார்வையிட வேண்டிய நிலை ஏற்பட்டது. மேலே பாபநாசத்தில், பரிகாரம் கருதி வருவோர் உடுத்த துணிகளை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். தன்னார்வத் தொண்டர்கள் அவற்றைக் குவியல் குவியலாக வாரி எடுத்துக் கரையேற்றுகின்றனர். அவ்வாறு விடுவோர் ஆற்றைப் புனிதமாக மதிப்பவர்களே. மதித்துக்கொண்டே மாசுபடுத்துகிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை. நம் வீட்டுச் சாக்கடையும் அவர்கள் விட்ட துணியும் கீழே ஒரே மதகில்தான் சென்று அடைக்கின்றன.

மணலின் வேலை

மற்றைய கேடுகளுக்கெல்லாம் மேலான கேடு மணற்கொள்ளை. மணல் ஆற்றில் வீணே கிடக்கும் பொருள் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ஆற்றின் சேமிப்பறை மணலே. வெள்ளம் வடிந்த பின்பும் படுகையின் மணல் நீரை உள்ளே தேக்கி வைத்துக் கோடையில் மெல்லக் கசியவிடுகிறது. நீரை வடிகட்டித் தெளிவிக்கிறது. கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களோடு விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் சிலவும் பருகும் தாமிரபரணி நீர் பெரும்பாலும் படுகையில் இறக்கப்பட்ட உறைகிணறுகளிலிருந்து எடுக்கப்படுவது. படுகை தாழ்ந்தால் அக்கிணறுகளில் ஊற்று குறைகிறது. கால்வாய்த் தலைமதகுகளுக்கு நீர் ஏறுவது கடினமாகிறது. கடலை அடுத்த பகுதிகளில் உவர்நீர் உட்புகுகிறது. ஒரு லாரி மணலை எடுத்தவன் ஒரு லாரி மணலை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. அம்மணல் ஆண்டுதோறும் தேக்கிவைத்திருக்கக்கூடிய நீரையும் எடுத்துச் செல்கிறான்.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு இக்கொள்ளையை எதிர்த்து வழக்குத் தொடுத்து, முதிய வயதிலும் தாமே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுக்குத் தடை விதித்தது. அத்தீர்ப்பு ஆற்றுக்குக் கிடைத்த பெரும் வெற்றி. எனினும் தடையை மீறும் கைகள் இரவில் ஓயவில்லை. 2023 ஏப்ரல் 25ஆம் நாள், முறப்பநாட்டில் மணல் திருட்டைப் பற்றிக் காவல்துறையில் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கு அவ்வாண்டே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்த மணலை விலைகொடுத்து வாங்கி வீடு கட்டுவோர் தம்மை அக்குருதியோடு தொடர்புடையவராக நினைப்பதில்லை. நாம் வாங்கியது ஒரு லோடு மணல்தானே என்பதே அவர்கள் விடை.

மூன்று சமாதானங்கள்

தானே, தானே என்று முடியும் இந்த விடையைச் சற்று ஆராய்வோம். ஆற்றைக் கெடுப்போர் தம் மனச்சான்றுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் மூன்று. ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது ஒன்று. என் பங்கு மிகச் சிறியது என்பது மற்றொன்று. நான் விட்டுவிட்டாலும் பிறர் விடப்போவதில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அதனாலேயே அவை வலிமை பெற்றிருக்கின்றன.

ஆறு தன்னைத் தூய்மை செய்துகொள்வது உண்மை. ஓடும் நீர் காற்றோடு கலந்து உயிர்வளியை ஏற்கிறது, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன, மணல் வடிகட்டுகிறது. நம் முன்னோர் ஆற்றில் குளித்துத் துவைத்தும் ஆறு கெடாதிருந்ததற்குக் காரணம் இதுவே. ஆயின் இவ்வாற்றலுக்கு ஓட்டமும் மணலும் வேண்டும். ஓட்டத்தை ஒருவர் தேக்குகிறார். மணலை மற்றொருவர் அள்ளுகிறார். ஆறு பார்த்துக்கொள்ளும் என்று மூன்றாமவர் சாக்கடையைத் திறந்துவிடுகிறார். ஒவ்வொருவரும் எந்த ஆற்றலை நம்பித் தவறு செய்கிறாரோ, அதே ஆற்றலை அடுத்தவர் அழித்துக்கொண்டிருக்கிறார். முன்னோர் ஆற்றில் இட்டவை மக்கும் பொருள்கள். சோப்புத்தூளும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் அவர்கள் அறியாதவை. முன்னோர் செய்தனர் என்னும் சான்று இங்கே செல்லாது.

என் பங்கு சிறியது என்னும் இரண்டாவது சமாதானமே நம் தலைப்பிற்கு உரியது. எந்த இடத்தில் நின்று அளந்தால் அது சிறியது என்பதைக் கேட்க வேண்டும். தலைமடையில் நின்று பார்க்கும்போது எதிரே ஓடும் பெருவெள்ளத்தில் ஒரு வாளி அழுக்கு ஒன்றுமில்லை. அவ்விடத்தில் அது உண்மை. ஆனால் கடைமடையில் நிற்பவனுக்கு வாளிகள் தனித்தனியே வருவதில்லை, தொகையாகவே வருகின்றன. அவன் கையில் அள்ளும் நீரில் இன்னார் விட்டது இவ்வளவு என்று பிரிக்க முடியாது. வகுத்துப் பார்க்கும் கணக்கு மேலே நிற்பவனுடையது. கூட்டிப் பார்க்கும் கணக்கு கீழே நிற்பவனுடையது. ஒரு செயலின் தன்மையை அதைச் செய்பவனின் கணக்கால் மட்டும் முடிவு செய்வது எவ்வகையில் நியாயம்? கடன் கொடுத்தவனைக் கேளாமல் கடன் வாங்கியவனே கணக்கெழுதி முடித்துவிடுவது போன்றதன்றோ அது?

சிறியவற்றின் தொகை என்ன செய்யும் என்பதை இவ்வாறே நமக்குக் கற்பித்திருக்கிறது. பாண்டியரின் முத்துத்துறையாய் விளங்கிய கொற்கை ஒருகாலத்தில் கடற்கரையில் இருந்தது. இன்று கடல் அங்கிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கின. நம் முன்னோர் பலரின் வாணிகம் அத்துறையோடு பின்னியிருந்தது. அதுவும் பின்னர்த் தூர்ந்துபோயிற்று. இத்துறைகளைப் பகைவர் படை அழிக்கவில்லை. ஆறு கொண்டுவந்த வண்டல், ஆண்டுக்குச் சிறிது சிறிதாகப் படிந்து, கடலையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஒரு வண்டல்துகளைக் கையில் எடுத்து, கொற்கையை மூடியது நீயா என்று கேட்டால் இல்லை என்றே அது சொல்லியிருக்கும்.

மூன்றாவது சமாதானம் இன்னும் கூர்மையானது. நான் ஒருவன் நல்லவனாவதால் ஆறு பிழைக்கப் போவதில்லையே, பயனற்ற ஒழுக்கத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இதற்கு விடை நம் அன்றாட ஒழுக்கத்திலேயே இருக்கிறது. ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று மார்க்க அறிஞர்கள் வழிவழியாகப் போதித்து வந்திருக்கின்றனர். ஆற்றங்கரையில் ஒரு கை நீர் மிச்சமாவதால் ஆறு பெருகிவிடாது, வீணானால் குறைந்துவிடாது. இருந்தும் அங்கேயே இவ்வொழுக்கம் வலியுறுத்தப்படுகிறது. பஞ்சத்தில் சிக்கனமாயிருப்பது கட்டாயத்தால் வருவது. செழிப்பில் சிக்கனமாயிருப்பதே பண்பால் வருவது. நீரின் அளவைக் காக்க அவ்விதி எழவில்லை. நீரைத் தொடும் கையைப் பழக்கவே எழுந்தது.

ஆயினும் இங்கே ஒன்றை மறைக்கலாகாது. தனிமனிதர் கை பழகுவதால் மட்டும் ஆறு மீண்டுவிடாது. சாக்கடைக் குழாய் இல்லாத தெருவில் வாழும் ஏழைக் குடும்பம் தன் கழிவுநீரை எங்கே கொண்டுபோய் விடும்? அக்குடும்பத்தையும், இரவெல்லாம் பொக்லைன் இயந்திரம் வைத்து மணல் அள்ளுவோரையும் ஒரே தட்டில் வைத்து எல்லோரும் குற்றவாளிகளே என்று கூறினால், அது பெரியவனைச் சிறியவனின் நிழலில் ஒளித்துவைப்பதாகவே முடியும். எல்லோருக்கும் பங்குண்டு என்பது உண்மை. எல்லோருக்கும் சம பங்கு என்பது பொய். எவனுக்கு வேறு வழி இருந்ததோ, எவன் அதிகம் எடுத்தானோ, எவன் தடுக்கும் அதிகாரம் பெற்றும் வாளாவிருந்தானோ, அவன் பொறுப்பு அந்த அளவுக்குக் கூடும். அவ்வேழையின் பொறுப்பு, குழாய் கேட்டுக் குரல் எழுப்புவதோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

உபரி எனும் சொல்

இதே அளவுகோலை அரசின் பங்கீட்டுக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் நீர் வழங்கும் திட்டம் இவ்வாற்றின் கடைப்பகுதியான ஸ்ரீவைகுண்டத்தை நம்பியது. கங்கைகொண்டானில் உள்ள குளிர்பானத் தொழிற்சாலைகளுக்குத் தாமிரபரணி நீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கு எழுந்தபோது, 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. உபரிநீரே வழங்கப்படுகிறது என்னும் விளக்கம் அப்போது தரப்பட்டது.

தொழில் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உழைப்போருக்கு வேலை வேண்டும். தொழிலுக்கு நீரும் வேண்டும். நம் ஐயமெல்லாம் உபரி என்னும் சொல்லைப் பற்றியதே. பாபநாசம் அணையின் நீர்மட்டம் அதன் முழு அளவான 143 அடியை நெருங்கும்போது மேலே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் உபரிதான். கார் நெல் பால்பிடிக்கும் வேளையில் நீர் வராமல் மதகைப் பார்த்து நிற்கும் கடைமடை உழவனிடம் உபரி எவ்வளவு என்று யாரேனும் கேட்டதுண்டா? கீழே உள்ளவனின் தேவை நிறைந்த பின்பு மிஞ்சுவதே உபரி. மேலே உள்ளவன் தன் தேவை போக மிஞ்சியதை அப்பெயரால் அழைத்து வேறொருவருக்குக் கொடுத்தால், அவன் கொடுப்பது பிறன் பொருள்.

இதுபற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய தீர்வு எண்ணத்தக்கது. மதீனாவில் மஹ்ஸூர் என்னும் ஓடைநீரைப் பற்றிய வழக்கில், மேலே உள்ளவர் தம் நிலத்தில் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொண்டு, பின்னர் கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் தீர்ப்பளித்ததாக வரலாறு கூறுகிறது. மேலே இருப்பவனுக்கு முன்னுரிமை உண்டு. அம்முன்னுரிமைக்கு எல்லையும் உண்டு. அவ்வெல்லை எவரும் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய கணுக்காலாக இருந்தது. நம் அணைக்கட்டுகளின் பழைய நீர்ப்பங்கீட்டு முறைகளிலும் இதே உணர்வு இருந்தது. எல்லை எதுவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தவரை தகராறும் எல்லைக்குள் இருந்தது.

மன்னிப்பு யாரிடம்?

கடைமடைக்கு நீர் குறைவாய் வருவது மட்டுமே துன்பம் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் தொடர்வண்டி வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. ஏரல், ஆத்தூர்ப் பகுதி மக்கள் வீடும் வயலும் வாழையும் இழந்து தவித்தனர். அம்மழையை மனிதர் வரவழைக்கவில்லை. ஆனால் குளங்களைத் தூர்வாராமல் விட்டதும், வடிகால்களை மறித்ததும், கரையைக் குடைந்ததும், நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரைக்கும் படுகையைச் சீமைக்கருவேலத்திற்கும் ஒப்படைத்ததும் மனிதர் செயல்களே. கோடையில் நீர் குறைந்து வருவதும் கடைமடைக்கு; மழைக்காலத்தில் வெள்ளம் நிறைந்து வருவதும் கடைமடைக்கு.

மனிதனுக்கு மனிதன் இழைத்த அநீதியை, இழந்தவன் மன்னித்தாலன்றித் தீராக்கடன் என்று நம் மார்க்கம் கருதுகிறது. ஹக்குல் இபாத் எனப்படும் இவ்வுரிமை பற்றிப் பள்ளிவாசல்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அண்டை வீட்டானைத் திட்டிவிட்டால் மரணத்திற்கு முன் அவனிடம் சென்று பொறுத்துக்கொள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுக்கிறோம். ஆனால் ஆற்றின் வழியே நாம் செய்த அநீதிக்கு யாரிடம் சென்று பொறுப்புக் கேட்பது? அந்நீரைப் பருகி நோயுற்ற குழந்தை எவ்வூரினது? பயிர் கருகியவன் பெயர் என்ன? உறைகிணறு வற்றித் தண்ணீர்க் குடத்தோடு அலைந்த பெண் யார்? அவர்களை நாம் அறியோம். அவர்களும் நம்மை அறியார். முகம் தெரியாததால் கடன் இல்லையென்று எண்ணுகிறோம். முகம் தெரியாததாலேயே அக்கடனைத் தீர்க்க வழியில்லாமல் போகிறது என்பதே உண்மை. தெரிந்தவனுக்குச் செய்த தீங்கைவிட இது அஞ்சத்தக்கது.

கடைமடை என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று, காலத்தையும் குறிக்கும். நமக்குப் பின் வருவோர் எல்லோரும் நமக்குக் கடைமடைக்காரரே. அவர்களுக்கு நம்மீது வழக்குத் தொடுக்க நீதிமன்றம் இல்லை. நம்மிடம் வந்து முறையிட நாவும் இல்லை. சிவகளைத் தாழியில் நெல்லை இட்டுச் சென்றவர்கள் ஆற்றை நமக்கு ஓடும் ஆறாகவே விட்டுச் சென்றனர். அது அமானிதம். அமானிதத்தை வாங்கியவன் அதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு, என் பங்கு சிறியது என்று சொன்னால் அதை யார் ஏற்பர்?

செய்யத்தக்கது

மாநகராட்சியும் அரசும் செய்ய வேண்டியவை பல. கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விடாதிருத்தல், மணலைக் காத்தல், குளங்களைத் தூர்வாரி அவற்றின் எல்லையை மீட்டல், கடைமடைக்குரிய நீரைக் கணக்கிட்ட பின்னரே பிறருக்கு ஒதுக்குதல் ஆகியவற்றை இடைவிடாது வற்புறுத்த நாம் கடமைப்பட்டுள்ளோம். நீதிமன்றம் தடை விதிக்கலாம். ஒவ்வொரு மதகிலும் காவல் நிற்க அதனால் இயலாது. அக்காவல் ஊர்மக்களுடையது.

ஊர் என்றால் நமக்கு ஜமாஅத்தும் அதில் அடங்கும். ஆற்றுநீர் எட்டும் ஊர்களின் பள்ளிவாசல்கள் நாள்தோறும் ஐவேளை ஒளூச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். அது மிகக் குறைந்த செலவில் முடியும். எந்தத் தெருவின் கழிவு எந்தக் கால்வாயில் விழுகிறது என்பதை மஹல்லாவின் இளைஞர்கள் ஒரு வாரத்தில் எழுதி எடுத்துவிடலாம். அவ்வேட்டோடு மாநகராட்சியின் வாசலில் சென்று நின்றால் நம் கோரிக்கைக்கு வலு உண்டு. இறைச்சிக் கடைகளின் கழிவைக் கால்வாயில் கொட்டலாகாது என்று ஜமாஅத் முடிவு செய்தால் அதை மீறத் துணிவோர் சிலரே. வீடு கட்டுவோர் மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். விலைக்கு வாங்கும் இறைச்சி ஹலாலானதா என்று கேட்கத் தயங்காத நாம், விலைக்கு வாங்கும் மணல் திருட்டுப்பொருளா என்று கேட்பதற்கு ஏன் தயங்க வேண்டும்?

இவற்றுக்கெல்லாம் முதற்படியாக ஒன்று செய்யலாம். தலைமடையில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கடைமடைக்குச் சென்று வரவேண்டும். நெல்லையில் குழாயைத் திறந்து மூடுவோர் ஏரலுக்கும் முக்காணிக்கும் புன்னைக்காயலுக்கும் சென்று, அங்கு ஆறு எந்நிலையில் வந்து சேர்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்த்து, அந்நீரால் வாழ்வோரோடு அமர்ந்து பேசிவிட்டு வரவேண்டும். பார்த்தவர்கள் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவனுக்குச் செய்துவந்ததை, முகம் தெரிந்த பின் செய்வது எளிதாயிராது. தவறு எவ்வளவு சிறியது என்னும் கணக்கைக் கடைமடைக்காரனின் எதிரே அமர்ந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். அங்கே அது எவ்வளவாகத் தோன்றுகிறதோ, அதுவே சரியான கணக்கு.